பீட்டர் ஃபால்க் என்னும் நடிகர்

தோற்றத்தைக் கொண்டு ஒருவரை எடைபோடலாகாது என்பது நம் முன்னோர் பலகாலும் எடுத்துரைத்த நீதி. ஆயினும் நடிப்புத் தொழிலிலே இந்நீதி செல்லாதென்று எண்ணுவோர் பலர். அழகிய முகமும், உயர்ந்த உருவமும், கம்பீரமான குரலும் உடையார்க்கே அத்தொழில் உரியதென்பது அவர்தம் கருத்து. இக்கருத்து முற்றும் உண்மையன்று என்பதற்கு, அமெரிக்க நாட்டுத் தொலைக்காட்சி நடிகர் பீட்டர் ஃபால்க் என்பாரின் வாழ்க்கை தக்க சான்றாகும். கொலம்போ என்னும் துப்பறியும் அதிகாரியாக அவரைக் கண்டு களித்தோர் பல நாடுகளிலும் உளர். அவர் அந்நிலையை எய்திய விதத்தையும், அவரது நடிப்பின் தன்மையையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

ஃபால்க் 1927ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16ஆம் நாள் நியூயார்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் துணிக்கடை வைத்திருந்தவர். ஹட்ஸன் ஆற்றங்கரையிலுள்ள ஆஸினிங் என்னும் ஊரில் அவர் வளர்ந்தார். மூன்றாம் வயதில் வலக்கண்ணிற் புற்றுநோய் தோன்றவே, உயிரைக் காக்கும்பொருட்டு மருத்துவர் அக்கண்ணை எடுத்துவிட நேர்ந்தது. அன்றுமுதல் இறுதிவரை அவ்விடத்திற் கண்ணாடிக் கண்ணையே அணிந்து வந்தார். இக்குறையை எண்ணி அவர் ஒடுங்கிப் போனாரல்லர். பள்ளியிற் படிக்குங்கால் பேஸ்பால் ஆட்டத்தில் நடுவர் தவறாகத் தீர்ப்பளித்தார் என்று கருதி, தம் கண்ணாடிக் கண்ணைக் கழற்றி, இது தங்களுக்குப் பயன்படக்கூடும் என்னும் கருத்துப்பட அவர் கையிலே நீட்டினாராம். இதனைப் பிற்காலத்தில் அவரே நகைச்சுவையுடன் கூறியிருக்கிறார்.

கண் குறையால் இராணுவத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆகவே வர்த்தகக் கப்பலில் சமையற் பணியாளராகச் சேர்ந்து கடற்பயணம் செய்தார். பின்னர்க் கல்வியைத் தொடர்ந்து, 1953இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திற் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். கனெக்டிகட் மாகாணத்தின் தலைநகரான ஹார்ட்ஃபோர்டில், வரவுசெலவுத் திட்ட அலுவலகத்தில் உத்தியோகமும் வாய்த்தது. பகலிற் கணக்கும் அறிக்கையும், மாலையில் அவ்வூர் நாடக சபையில் நடிப்பும் என்று காலம் சென்றது.

அந்நாளில் ஈவா லெ கலியன் என்னும் புகழ்பெற்ற நடிகையார் வெஸ்ட்போர்ட் என்னும் ஊரில், தொழில்முறை நடிகர்களுக்காக நடிப்பு வகுப்பு நடத்தி வந்தார். தாமும் அத்தகையவரே என்று சொல்லி ஃபால்க் அதிற் சேர்ந்துகொண்டார். ஹார்ட்ஃபோர்டிலிருந்து வண்டியோட்டி வரவேண்டியிருந்தமையால் அடிக்கடி தாமதமாயிற்று. ஒருநாள் அம்மையார் காரணம் கேட்டார். உண்மையை மறைக்க இயலாமல், தாம் தொழில்முறை நடிகர் அல்லர் என்பதை ஃபால்க் ஒப்புக்கொண்டார். அம்மையாரோ சினங்கொள்ளாமல், நீர் அத்தொழிலிலே இருக்கவேண்டியவர் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார். அச்சொல்லே அவரது வாழ்க்கையைத் திருப்பியது. 1956இல் நிலையான ஊதியம் தந்த வேலையை விடுத்து, நியூயார்க் சென்று நாடக மேடை ஏறினார். அப்போது அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது என்பதை நாம் கருதவேண்டும்.

வெள்ளித்திரை அவரை எளிதில் வரவேற்கவில்லை. கொலம்பியா படநிறுவனத்தின் தலைவர் ஹாரி கோன், இதே பணத்திற்கு இரு கண்களும் உடைய நடிகர் கிடைப்பாரே என்று சொல்லி அவரை ஒதுக்கிவிட்டார். ஆயினும் 1960, 1961 ஆகிய அடுத்தடுத்த இரண்டாண்டுகளில் வெளிவந்த படங்களுக்காக, துணைநடிகருக்குரிய ஆஸ்கர் பரிசுக்கு ஃபால்க் இருமுறை முன்மொழியப்பட்டார். 1962இல் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் தக்காளி ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநராக நடித்து, முதல் எம்மி பரிசையும் பெற்றார்.

இனிக் கொலம்போவைப் பற்றிக் கூறுவோம். இப்பாத்திரத்தைப் படைத்தோர் ரிச்சர்டு லெவின்ஸன், வில்லியம் லிங்க் என்னும் இரு நண்பர். ருஷிய ஆசிரியர் தாஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' என்னும் நாவலில் வரும் விசாரணை அதிகாரியை மனத்திற்கொண்டே இதனை அமைத்தனர். 1968இல் இதனைத் தொலைக்காட்சிப் படமாக்க முற்பட்டபோது, அவர்கள் நாடியது பிங் கிராஸ்பி முதலிய மூத்த நடிகரையே. ஃபால்க் வயதிற் குறைந்தவர் என்று முதலில் அவர்கள் தயங்கியதும் உண்டு. 1968இல் வந்த அப்படத்தையும் சேர்த்து, 1971 முதல் 1978 வரையிலும், பின்னர் 1989 முதல் 2003 வரையிலுமாக மொத்தம் 69 கதைகள் ஒளிபரப்பாயின. 1971 செப்டம்பரில் தொடரின் முதற்கதையை இயக்கியவர், பிற்காலத்திற் பெரும்புகழ் எய்திய ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அன்று அவருக்கு வயது 24.

மற்றத் துப்பறியும் கதைகளிற் கொலைஞன் யாரென்பது இறுதியிலேதான் வெளிப்படும். இங்கோ, பெரும்பாலும் தொடக்கத்திலேயே கொலை நம் கண்முன் நிகழ்ந்துவிடுகிறது. யார் செய்தார் என்பது நமக்குத் தெரியும். எவ்வாறு அகப்படுவார் என்பதே கேள்வி. குற்றவாளி பெரும்பாலும் செல்வமோ, கல்வியோ, புகழோ மிக்கவர். அவர் எதிரில் வந்து நிற்பவரோ, கசங்கிய மேலங்கியும் கலைந்த தலையுமாக, பழைய பெஜோ காரிலிருந்து இறங்கும் ஒரு சாதாரண அதிகாரி. தம் மனைவியைப் பற்றி ஓயாது பேசுவார். பென்சிலைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவுவார். இவனால் என்ன ஆகும் என்று குற்றவாளி இகழ்கிறார். அவ்விகழ்ச்சியே அவரைக் கவிழ்க்கிறது. விடைபெற்றுச் சென்றவர் வாயிலில் திரும்பி நின்று, இன்னும் ஒரேயொரு விஷயம் என்று தொடங்குவார். அக்கேள்வியிலேதான் கண்ணி இருக்கும்.

இவ்வியல்புகளுட் சில எழுதியோர் தந்தவை; பல ஃபால்க் தாமே சேர்த்தவை. அந்த மேலங்கி, ஒருநாள் நியூயார்க்கில் திடீரென மழை பெய்தபோது அவர் கடையில் வாங்கி, வீட்டில் வைத்திருந்தது. அந்தக் காரையும் படநிறுவனத்து வண்டிகளுள் அவரே தேர்ந்தெடுத்தார். ஒதுக்கப்பட்டதற்குக் காரணமாயிருந்த கண்ணும் இங்குத் தடையாகவில்லை; சற்றே சாய்ந்து சுருங்கி நோக்கும் அப்பார்வையைக் கொலம்போவினின்றும் பிரித்தெண்ண இயலாது. தள்ளுண்ட கல்லைப் பற்றிய வேதவாக்கு இவ்விடத்தில் நம் நினைவிற்கு வருகிறது. குறை இருப்பதே நன்மை என்று நாம் கூறவில்லை. குழந்தைப் பருவத்திற் கண்ணையிழப்பது துன்பமே. அதனை மறைப்பதில் தம் ஆற்றலைச் செலவிடாமல், தொழிலிற் செலவிட்டார் என்பதே நாம் பாராட்டுவது. ஒரு காட்சி செம்மையாக அமையும்வரை மீண்டும் மீண்டும் நடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். கொலம்போவுக்காக மட்டும் நான்கு எம்மி பரிசுகள் பெற்றமை அவ்வுழைப்பின் பயன்.

பிற படங்களிலும் அவர் சிறந்து விளங்கினார். 1987இல் ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் எடுத்த படமொன்றில், மனித வாழ்வை விரும்பித் தேவதூதர் நிலையைத் துறந்தவராகத் தம் சொந்தப் பெயருடனேயே தோன்றினார். குளிர்காலத்திற் சூடான காப்பி அருந்துவதும், கைகளை உரசிக்கொள்வதும் எத்துணை இன்பம் என்று அவர் அதில் எடுத்துரைக்கும் காட்சி மறக்கற்பாலதன்று. ஓய்வு நேரங்களிற் கரிக்கோலால் ஓவியம் தீட்டுவதிலும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது.

அவரது இறுதிக்காலம் துயரமானது. மறதிநோய் அவரைப் பற்றிக்கொண்டது. தாம் கொலம்போவாக நடித்ததே அவருக்கு நினைவில்லை என்று 2009இல் மருத்துவர் ஒருவர் நீதிமன்றத்திற் கூறினார். 2011ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், தம் 83ஆம் வயதில் ஃபால்க் காலமானார். அவர் மறந்ததை உலகம் மறக்கவில்லை. 2014இல் ஹங்கேரி நாட்டுத் தலைநகர் புடபெஸ்டில், கொலம்போவுக்கும் கதையில் வரும் அவரது நாய்க்கும் வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது.

நம் கலாசாலை மாணவருள், பெற்றோர் காட்டிய உத்தியோகத்திற்கும் தம் உள்ளம் நாடும் தொழிலுக்கும் இடையே நின்று தயங்குவோர் உளர். தம்மிடத்துள்ள ஒரு குறையை எண்ணித் தலைகுனிந்து நடப்போரும் உளர். யாவரும் வேலையைத் துறந்து நாடக மேடையேற வேண்டுமென்று நாம் சொல்லத் துணியோம். ஃபால்க்கும் பட்டமும் உத்தியோகமும் பெற்று, மாலைதோறும் பயின்ற பின்னரே அம்முடிவைச் செய்தார். ஆயினும் ஒருவருக்கு எது இல்லை என்பதைப் பிறர் முதற்பார்வையிலேயே கண்டுவிடுவர். எது உண்டு என்பதைக் காட்ட நெடுநாள் உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பிற்கு அஞ்சாதிருத்தலே இவர் வாழ்க்கையினின்றும் நாம் கொள்ளத்தக்க பாடமாகும்.