வேலை விடுமுறை விசா: காணி உறுதியை ஈடு வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடந்த பெப்ரவரியில் ஓர் இரவு, கிளிநொச்சியில் இருந்து சித்தியின் மகன் அழைத்தான். நான் அப்போது அவுஸ்திரேலியாவின் மில்டுரா நகருக்கு வெளியே, ஒன்பது பேர் தங்கியிருந்த ஒரு வீட்டின் பின்படியில் இருந்து காலில் ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நீங்கள் போன விசாவிலேயே என்னையும் அனுப்பலாமாம். ஏஜென்சிக்காரர் முப்பத்தைஞ்சு லட்சம் கேக்கிறார். ரெண்டு லட்சம் முற்பணம் குடுத்திட்டம். மிச்சத்துக்கு அம்மா காணி உறுதியை ஈடு வைக்கப் போறா."

அந்தக் காணி வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 இல் சித்தியின் குடும்பம் அங்கிருந்து இடம்பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் பல வருடங்கள் கிடந்து, விடுவிக்கப்பட்ட பிறகுதான் சித்தி மீண்டும் அதில் கால் வைத்தா. வீடு இருக்கவில்லை. கிணறும் இரண்டு பனைகளும் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்தக் காணியின் உறுதியைத்தான் ஒரு விசாவுக்காகக் கொடுக்கப் போகிறார்கள்.

தம்பிக்கு அன்றிரவு சொன்னவற்றையும், அதன் பிறகு நானே பட்டு அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். புலம்பெயர் நாடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

இது யாருக்கான விசா?

வேலை விடுமுறை விசா என்பது இரண்டு நாடுகள் தமக்கிடையே செய்துகொள்ளும் ஏற்பாடு. இளைஞர்கள் ஒரு வருடம் மற்ற நாட்டில் தங்கி ஊர் சுற்றலாம். செலவுக்கு வேலையும் செய்யலாம். அவுஸ்திரேலியா இதை 1975 இல் பிரித்தானியா, கனடா, அயர்லாந்து ஆகிய நாடுகளுடன் தொடங்கியது. இன்று அங்கே இதில் 417, 462 என இரண்டு வகைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தகுதியான நாடுகளின் பட்டியல் உண்டு.

நான் கிளிநொச்சியில் பிறந்தவன். 2009 இல் எனக்குப் பதின்மூன்று வயது. மெனிக் பாம் முகாமில் இருந்து வெளியே வந்த பின், கனடாவில் இருந்த அப்பாவிடம் போய்ச் சேர்ந்தோம். பின்னர் கனேடியக் குடியுரிமை கிடைத்தது. எனக்கு 417 விசா கிடைத்ததற்குக் காரணம் அந்தக் கனேடியக் கடவுச்சீட்டு மட்டும்தான். படிப்போ திறமையோ அல்ல.

417 பட்டியலில் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, டென்மார்க், நெதர்லாந்து போன்ற, எங்கள் மக்கள் அதிகம் வாழும் நாடுகள் பல இருக்கின்றன. பொதுவான வயதெல்லை 18 முதல் 30 வரை. கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், டென்மார்க் உட்படச் சில நாட்டவருக்கு 35 வரை. இந்தியா 2024 இல் 462 வகைக்குள் வந்தது. வருடத்துக்கு ஆயிரம் இடங்கள், அதுவும் குலுக்கல் முறையில்.

இலங்கை இந்த இரண்டு பட்டியல்களிலும் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் ஒருவர் முப்பத்தைந்து இலட்சம் கொடுத்தாலும் இந்த விசாவைப் பெற முடியாது. "எங்களிடம் விசேட ஒதுக்கீடு இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அது பொய்.

தகுதி உள்ளவர்களுக்கும் முகவர் தேவையில்லை. அவுஸ்திரேலிய உள்துறை அமைச்சின் இணையத்தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2025 இல் அறுநூறு டொலருக்குச் சற்று மேலாக இருந்தது. கையில் ஏறத்தாழ ஐயாயிரம் டொலர் இருப்பதைக் காட்ட வேண்டும். முதல் விசாவுக்கு அவுஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க முடியும்.

தங்க இடம் தேடும்போது

மெல்பேர்னில் இறங்கியதும் ஒரு வாரத்துக்கு மட்டும் விடுதியில் இடம் எடுத்திருந்தேன். கனடாவில் இருக்கும்போதே இணையத்தில் ஒரு அறையைப் பார்த்து, ஒரு மாத வாடகையை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பவில்லை. வந்து பார்த்தால் அந்த விலாசத்தில் வேறொரு குடும்பம் வசித்துக்கொண்டிருந்தது. அறையை நேரில் பார்க்காமல் ஒரு டொலரும் அனுப்பக் கூடாது.

பிறகு டண்டினோங்கில் ஒரு தமிழ் அம்மாவின் வீட்டில் அறை கிடைத்தது. கிழமைக்கு 190 டொலர். கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துப் போனேன். அவர் முதலில் காட்டியது அறையை அல்ல, எழுதி வைத்திருந்த ஒப்பந்தத்தை. அப்போது எனக்கு அது கொஞ்சம் கடுமையாகப் பட்டது. இரண்டு மாதங்களுக்குப் பிறகுதான் அதன் பெறுமதி விளங்கியது.

முறையான வாடகைக்கு 'பொண்ட்' எனப்படும் வைப்புப் பணம் கேட்பார்கள். விக்டோரியா மாநிலத்தில் அதை வீட்டுக்காரர் தன் கையில் வைத்திருக்கக் கூடாது; பத்து வேலை நாட்களுக்குள் அதற்கான அரச அதிகார சபையில் வைப்பிலிட வேண்டும். மற்ற மாநிலங்களிலும் இதற்கான அரச அமைப்புகள் உண்டு. பற்றுச்சீட்டு வாங்குங்கள். குடிபுகும் நாளில் சுவர், கதவு, குளியலறை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

பண்ணைப் பக்கத்து விடுதிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2000 ஜூன் 23 அன்று குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் என்ற சிற்றூரில், பழம் பறிக்க வந்த இளைஞர்கள் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்கப்பட்டு 15 பேர் இறந்தார்கள். எந்த அறைக்குப் போனாலும் வெளியேறும் வழியையும் புகை எச்சரிக்கைக் கருவியையும் முதலில் பாருங்கள்.

நான் இழந்த 31 நாட்கள்

இந்த விசா ஒரு வருடத்துக்கானது. இரண்டாவது வருடமும் வேண்டும் என்றால், நகருக்கு வெளியே குறிப்பிட்ட பகுதிகளில், பண்ணை வேலை போன்ற குறிப்பிட்ட வேலையை 88 நாட்கள் செய்திருக்க வேண்டும். மூன்றாவது வருடத்துக்கு ஆறு மாதங்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் 2024 ஜூலை 1 முதல் இந்த நிபந்தனை இல்லை.

இந்த 88 நாட்களுக்காகத்தான் பலர் எதையும் பொறுத்துக்கொள்கிறார்கள். நானும் பொறுத்தேன்.

மெல்பேர்னில் இருந்து 540 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது மில்டுரா. அங்கே திராட்சை பறிக்க ஆட்களைச் சேர்த்தவர் ஒரு தமிழர். அவர் தமிழில் கதைத்தார், ஊரைக் கேட்டார், முள்ளிவாய்க்காலில் தன் அண்ணனை இழந்ததைச் சொன்னார். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. மூன்று அறை வீட்டில் ஒன்பது பேர். மெத்தைக்குக் கிழமைக்கு 160 டொலர், பண்ணைக்கு ஏற்றிப்போக வாகனக் காசு வேறு. எல்லாவற்றையும் கழித்து மிச்சத்தைக் கடித உறையில் காசாகத் தருவார்.

ஒரு நாள் தாய்வானில் இருந்து வந்த ஒரு பெண், பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டே தன் சம்பளச்சீட்டைப் பற்றிக் கதைத்தாள். எனக்குச் சம்பளச்சீட்டே இல்லை. அது இல்லாமல் அந்த நாட்களைக் குடிவரவுக்கு எப்படி நிரூபிப்பது? அவரிடம் கேட்டேன். "பிறகு பாப்பம் தம்பி" என்றார். அந்தக் கிழமையே வெளியேறினேன். 31 நாட்கள் கணக்கில் சேரவில்லை. முறைப்பாடு செய்யத் தேடியபோது, அவரைப் பற்றி ஒரு பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தவிர என்னிடம் ஒரு தாளும் இருக்கவில்லை. என்னைச் சேர்த்தவர் ஒரு தமிழர் என்பதால் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் அவை.

வேலைக்குச் சேர முன் கேட்க வேண்டியவை

விக்டோரியாவில் ஆட்களைப் பண்ணைக்கு அனுப்பும் ஒப்பந்தக்காரருக்கு உரிமம் கட்டாயம். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயர் அதில் இல்லையென்றால் போகாதீர்கள்.

வரிக் கோப்பு இலக்கத்தை வரித் திணைக்களத்திடம் இலவசமாகப் பெறலாம். அதற்குப் பதில் வியாபார இலக்கம் எடுத்து வா என்று கேட்டால் யோசியுங்கள். உங்களைப் பணியாளராக அல்லாமல் தனி வியாபாரியாகக் காட்டி, உரிமைகளைத் தவிர்க்கும் வழி அது.

2025 ஜூலை 1 அன்று தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டொலர் ஆனது. நிரந்தரமற்ற பணியாளருக்கு அதற்கு மேல் 25 வீதம் சேர வேண்டும். பெட்டிக் கணக்கில் பறித்தாலும், 2022 ஏப்ரல் 28 முதல் மணித்தியாலக் குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே கொடுக்க முடியாது. உங்கள் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் வாடகையைச் சம்பளத்தில் கழிக்கவும் கூடாது. முறையாகப் பதிந்த முதலாளியிடம் முதல் 45,000 டொலருக்கு 15 வீத வரி. ஓய்வூதிய நிதியாக முதலாளி 12 வீதம் தனியே கட்ட வேண்டும். நாட்டை விட்டுப் போகும்போது அதை எடுத்தால் 65 வீதம் வரியாகப் போய்விடும்.

சம்பளப் பிரச்சினைக்கு வேலை உரிமைக் குறைகேள் அலுவலகத்தை 13 13 94 இல் அழைக்கலாம். தமிழில் கதைக்க வேண்டுமென்றால் முதலில் 13 14 50 ஐ அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

இவற்றைக் கேட்டுத்தான் நான் அடுத்த வேலைக்குப் போனேன். குளிர்காலத்தில் ஒரு தோடம்பழத் தோட்டத்தில், நேரடியாகத் தோட்டக்காரரின் சம்பளப் பட்டியலில். 88 நாட்களும் அங்கே மீண்டும் ஒன்றில் இருந்து தொடங்கின.

ஊரில் இருப்பவர்களுக்கு

அன்றிரவு தம்பியிடம் ஒன்றைத்தான் செய்யச் சொன்னேன். அந்த முகவரின் உரிம இலக்கத்தைக் கேட்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் அது உண்மையா என்று விசாரி என்றேன். அவுஸ்திரேலியக் குடிவரவு முகவர் என்று சொல்பவர்களுக்கும் அந்த நாட்டில் பதிவு இலக்கம் உண்டு; அந்தப் பட்டியலும் இணையத்தில் திறந்தே இருக்கிறது. கையில் விசாக் கடிதம் தந்தால், அவுஸ்திரேலிய உள்துறை அமைச்சின் 'வேவோ' என்ற இலவச இணையச் சேவையில் அது உண்மையா என்று பார்த்துவிடலாம்.

தம்பி உரிம இலக்கத்தைக் கேட்டான். "அதெல்லாம் கொழும்பில இருக்கு" என்று பதில் வந்தது. அதன் பிறகு அந்தத் தொலைபேசி வேலை செய்யவில்லை.

கொடுத்த இரண்டு இலட்சம் இன்னும் திரும்பி வரவில்லை. முறைப்பாடு பதிந்திருக்கிறார்கள். தம்பி இப்போது மின்னிணைப்பு வேலைக்கான தொழிற்பயிற்சி ஒன்றில் சேர்ந்திருக்கிறான். உறுதி சித்தியின் பெட்டியில் இருக்கிறது. போன மாதம் அந்தக் கிணற்றை இறைத்ததாகப் படம் அனுப்பியிருந்தா.