அடைத்த பல் கூசுவது ஏன்?

சொத்தைப் பல்லைக் காலத்தில் அடைத்துக்கொள்ள வேண்டும் என்பதை நமது அங்கத்தினர்களுக்கு இனி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கல்லிடைக்குறிச்சியிலும் சுற்று வட்டாரத்திலும் ‘பல்லுக்குச் சிமெண்டு வைத்துக்கொண்டேன்’ என்று சொல்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நாம் இங்கே எழுதப் புகுவது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியே. பல்லை அடைத்துக்கொண்டு வந்து நான்கு நாளாகிறது; மார்கழி விடியலில் தாமிரபரணித் தண்ணீரை வாயில் விட்டதும் சுரீர் என்கிறது. ஒரு வாரம் பொறுக்கிறார். மறுவாரம் அந்தப் பக்கத்தை விட்டு மறுபக்கத்தால் மெல்லப் பழகுகிறார். சில மாதம் கழித்து, ‘தொல்லை ஒழியட்டும்’ என்று பல்லையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். இவ்வாறு போகும் பற்களில் பல, போயிருக்க வேண்டாதவை.

ஒரு காலத்தில் பிடுங்குவது ஒன்றே வைத்தியமாக இருந்தது உண்மைதான். இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரபியுத்தீன் அகமது கல்கத்தாவில் தொடங்கியது 1920-ல். சென்னையில் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது 1953-ல். அதற்கு முன்பு கிராமத்தில் பல் வலி வந்தவருக்குக் குறடு தவிர வேறு கதி இல்லை. அந்தக் காலத்து மனப்பான்மை மட்டும் நம்மிடம் இன்னும் எஞ்சி நிற்கிறது.

பல் ஏன் கூசுகிறது என்பதை அறிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கும். பல்லின் மேலே எனாமல் என்னும் கெட்டி ஓடு. அதற்கு உணர்ச்சி இல்லை. அதற்கு உட்புறம் டென்டின் என்னும் பகுதி. நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழ். டென்டின் பார்வைக்குக் கெட்டியாகத் தோன்றினாலும், ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் நுண்குழாய்கள் அதில் ஓடுகின்றன. அவற்றுள் நீர் நிரம்பியிருக்கிறது. குளிர்ச்சியோ காற்றோ பட்டதும் அந்த நீர் அசைகிறது. உள்ளே இருக்கும் நரம்பு அந்த அசைவை வலியாக உணர்கிறது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் மார்ட்டின் பிரென்ஸ்ட்ரம் 1960-களில் விளக்கிக் காட்டிய செய்தி இது. கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மேல்மடையில் பலகையைத் தூக்கினால் கடைமடையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா?

சொத்தையைச் சுரண்டி எடுக்கும்போது இந்த நுண்குழாய்கள் திறந்துகொள்கின்றன. கருவி சுழலும் சூட்டினாலும், காற்றூதி உலர்த்துவதாலும் பற்கூழ் சற்றே சினந்துகொள்கிறது. பழைய பாதரசக் கலவை அடைப்பு உலோகமாகையால் குளிரையும் சூட்டையும் விரைவில் உள்ளே கடத்தும். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்டது. பல்லின் நிறத்திலேயே உள்ள பிசின் அடைப்பு இன்று பெருவழக்காகிவிட்டது. பிசினுக்கும் ஒரு குணம் உண்டு. விளக்கொளி காட்டி இறுகச் செய்யும்போது அது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். அதனால்தான் கைதேர்ந்த வைத்தியர் ஒரேயடியாக நிரப்பாமல் அடுக்கடுக்காக வைத்து இறுகச் செய்கிறார். ‘எதற்கு இவ்வளவு நேரம்’ என்று நாற்காலியில் முணுமுணுப்பது நியாயமன்று.

ஆகவே, அடைத்த பின் சில நாள் கூசுவது இயல்பு. சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் படிப்படியாகக் குறைந்துவிடும். ‘படிப்படியாக’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நேற்றைக்கு இன்று குறைவா, போன வாரத்துக்கு இந்த வாரம் குறைவா என்பதே கேள்வி. குறைந்து வருமானால் பொறுக்கலாம். ஒரே நிலையில் நின்றாலோ, ஏறினாலோ பொறுப்பது தவறு.

இன்னொரு சோதனையும் உண்டு. அதற்குக் காசு செலவில்லை. குளிர்ந்த நீர் பட்டுப் பல் கூசும்போது, நீரை விழுங்கிவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். ஐந்து பத்துக்குள் வலி அடங்கினால் பற்கூழ் பிழைத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். முப்பது தாண்டியும் விண்ணென்று நின்றால் கவலைப்பட வேண்டியதுதான். எதுவும் படாமலே தானாக வலிப்பது, படுத்தவுடன் வலி எடுத்துத் தூக்கத்தைக் கெடுப்பது, சூடான காபி பட்டால் வலித்துக் குளிர்ந்த நீர் பட்டால் அடங்குவது ஆகியவை பற்கூழ் மீளாத நிலைக்குப் போவதன் அறிகுறிகள். அப்போது வேர் சிகிச்சை வேண்டியிருக்கும். அதைச் செய்து மேலே உறை போட்டுக்கொண்டால் பல் பல ஆண்டு உழைக்கும். கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாமற் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் பாவு பூட்ட வேண்டுமே என்று தள்ளிப் போடுவதற்கில்லை.

வேறொரு வகை வலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். வீணாகப் பல் இழப்பவர்களில் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். தண்ணீர் பட்டால் அதிகத் தொல்லை இல்லை. ஆனால் கடித்தால் சுள்ளென்கிறது. வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முன்னதாக முட்டுவது போலத் தோன்றுகிறது. இது அனேகமாக அடைப்பு ஒரு மயிரிழை உயரமாக நின்றுவிட்டதன் விளைவு. அடைக்கும்போது வாய் மரத்திருப்பதால் நோயாளியால் சரியாகக் கடித்துக் காட்ட முடிவதில்லை. மெல்லும் ஒவ்வொரு முறையும் அந்தப் பல்லே பாரம் முழுவதையும் தாங்கி, வேரைச் சுற்றியுள்ள தசைநார் புண்பட்டுப்போகிறது. இதற்கு மருந்து மாத்திரை எதுவும் வேண்டாம். வைத்தியர் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, மை பட்ட மேட்டைச் சற்றே தேய்த்துவிடுவார். சில நிமிஷ வேலை. சில நாட்களில் வலி போய்விடும். இந்தச் சிறு வேலைக்காகத் திரும்பப் போகக் கூசிக்கொண்டு பல்லை இழப்பதைப் போன்ற நஷ்டக் கணக்கு வேறில்லை.

கடித்துவிட்டு விடும்போது வலித்தால் பல்லில் விரிசல் இருக்கலாம். அடைப்பின் ஓரத்தில் இடைவெளி இருந்து இனிப்புப் பட்டதும் கூசினால், அதை எடுத்துவிட்டு மறுபடி அடைக்க வேண்டியிருக்கும். சில சமயம் கூசுவது அடைத்த பல்லே அன்று. ஈறு இறங்கி வேர் வெளிப்பட்ட பக்கத்துப் பல்லாகவும் இருக்கலாம். நெசவாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கத்தால் முன்பல் விளிம்பில் பள்ளம் விழும். தறியருகே ஒரு சிறு கத்தரி தொங்கினால் போதும்.

வீட்டில் செய்யத் தக்கவை சில. பொட்டாசியம் நைட்ரேட் நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்த பற்பசை கூச்சத்தைத் தணிக்கும். பெட்டியின் மேல் படித்துப் பார்த்து வாங்கலாம். விளம்பரம் எது சொன்னாலும் இரண்டு வாரமாவது நாள்தோறும் இருமுறை துலக்கினால்தான் பலன் தெரியும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். சொம்புத் தண்ணீரை விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். உயர்ந்து நிற்கும் அடைப்பையும் ஓட்டை விட்ட அடைப்பையும் எந்தப் பசையும் சரி செய்யாது. உமிக்கரி, சாம்பல், செங்கற்பொடி ஆகியவற்றை அறவே விட வேண்டும். நெல் விளையும் ஊரில் உமிக்கரிக்குப் பஞ்சமில்லை; ஆனால் அது எனாமலைத் தேய்த்துத் தின்றுவிடும். எலுமிச்சை, புளிப்பு, சோடா உட்கொண்டவுடனே பல் துலக்கக் கூடாது. அரைமணி நேரம் போகட்டும். முறுக்கையும் வறுகடலையையும் சில நாள் மறுபக்கத்தில் மெல்லலாம். அப்பளத்துக்குத் தடையில்லை என்பதை நமது ஊர்ப் பெருமையை முன்னிட்டுச் சொல்லி வைக்கிறோம்.

கிராம்புத் தைலம் வலியை மரக்கச் செய்வது மெய். வைத்தியர்களே அதன் சத்தைத் துத்தநாகத் தூளுடன் குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைப்பதுண்டு. ஆனால் தைலத்தைப் பஞ்சில் தோய்த்து மணிக்கணக்காக அடக்கிக்கொண்டால் ஈறு வெந்துபோகும். வலிக்கு மாற்றாகப் புகையிலையை ஒதுக்கிக்கொள்வது வலியைவிடப் பெரிய நோய்க்கு, வாய்ப்புற்றுக்கு, இடம் கொடுப்பது. பெட்டிக்கடை வலி மாத்திரையை நாட்கணக்கில் விழுங்குவதும் ஆபத்து. சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப் புண்ணும் உள்ளவர்களுக்கு மிகவும் ஆபத்து.

அடைத்த வைத்தியரிடமே திரும்பப் போவது நல்லது. எவ்வளவு ஆழத்துக்குச் சுரண்டினார் என்பது அவருக்கே தெரியும். அவர் குறை சொல்லமாட்டார். தனியாரிடம் செலவழிக்க இயலாதவர்கள் பல் மருத்துவப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகலாம். பாளையங்கோட்டையில் 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கிறது. நமது ஊர் ரயிலேறித் திருநெல்வேலி போய்விடலாம். போகும்போது ‘பல் வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லாமல், என்றைக்கு அடைத்தது, குளிரா சூடா கடிப்பதா எதனால் வலி, எத்தனை எண்ணும் வரை நிற்கிறது, இரவில் எழுப்புகிறதா என்ற நான்கையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு போக வேண்டும். பிடுங்கவோ வேர் சிகிச்சை செய்யவோ சொன்னால், எக்ஸ்ரே படத்தில் என்ன தெரிகிறது என்று மரியாதையாகக் கேட்கலாம்.

சீட்டில் எழுதிக்கொடுத்த மறுவருகைத் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைக்கவும். வலி நின்றுவிட்டாலும் அந்தத் தேதியில் ஒருமுறை காட்டிவிட்டு வரவும்.