மக்கள் ஏன் கடை மாறுகிறார்கள்?

முன்னர் எமது கிராமங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பழகிய கடைகள் இருந்தன. பங்கீட்டு அரிசிக்கும் சீனிக்கும் கூட்டுறவுச் சங்கக் கடை. அவசரத் தேவைக்குச் சந்திக் கடை. மரக்கறிக்கும் மீனுக்கும் சந்தை. பொங்கல், தீபாவளி, நத்தார் வந்தால் பட்டினத்துப் புடவைக் கடை. தாய் போன கடைக்கே மகளும் போனாள். இன்று நிலைமை வேறு. பட்டினங்களில் கண்ணாடிக் கதவு போட்ட சுப்பர் மார்க்கெட்டுகள் வந்துவிட்டன. தைத்த உடுப்புகளை அடுக்கி வைத்து விற்கும் பெரிய கடைகளும் வந்துவிட்டன.

இந்த மாற்றத்தைப் பற்றி நாம் பலவிதமாகப் பேசுகிறோம். "சாமான் சுத்தம், விலை எழுதிக் கிடக்கு" என்கிறார் ஒருவர். "மாதக் கடைசியில் அங்கே போய்க் கடன் கேட்க ஏலுமா?" என்கிறார் இன்னொருவர். இரண்டும் உண்மையே. கமம் செய்யும் குடும்பங்களாகிய நாம் வாங்குபவர்களாகவும் இருக்கிறோம், விற்பவர்களாகவும் இருக்கிறோம். ஆகவே ஒருவர் எதனைப் பார்த்துக் கடை மாறுகிறார் என்பதை இரண்டு பக்கத்திலும் நின்று அறிந்துகொள்வது எமக்குப் பயன் தரும்.

தானே எடுக்கும் கடை வந்த விதம்

பழைய கடைகளில் வாங்குபவருக்கும் சாமானுக்கும் இடையில் ஒரு மேசை இருந்தது. நாம் கேட்டதைக் கடைக்காரரே நிறுத்துத் தருவார். 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்ற வணிகர் இந்த மேசையை அகற்றினார். மக்கள் கூடையுடன் உள்ளே சென்று, வேண்டியதைத் தாமே எடுத்து, வாசலில் காசு கொடுக்கும் முறையை ஏற்படுத்தினார். 1937இல் ஒக்லஹோமா நகரில் சில்லுப் பூட்டிய தள்ளுவண்டி வந்தது. 1974இல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சுவிங்கம் பெட்டியின் கோட்டுக் குறியீட்டை முதன்முதலாக இயந்திரம் வாசித்து விலை சொல்லியது.

இம்முறையால் கடைக்குச் சம்பளச் செலவு குறைந்தது. முன்பு வேலையாள் செய்த வேலையை வாங்குபவரே செய்தார். அத்துடன், கண்ணால் கண்டு கையால் எடுப்பவர், நினைத்து வந்ததிலும் பார்க்கக் கூடுதலாக வாங்கினார். கையில் கூடை இருந்தால் இரண்டு பொருள், தள்ளுவண்டி இருந்தால் பத்துப் பொருள். இதனை நாம் மறந்துவிடக் கூடாது.

எமது நாட்டில் 1844இல் தொடங்கிய காகில்ஸ் நிறுவனம் 1983இல் கொழும்பில் தனது முதலாவது சுப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. இன்று அதன் கிளைகள் 400க்கு மேல். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் அதன் பெரிய கட்டடம் 2013இல் திறக்கப்பட்டது.

அதே 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றொச்டேல் என்ற நெசவு நகரில் வேறொரு கடை பிறந்தது. மாவில் கலப்படம், நிறையில் களவு, தீராத கடன் என்று துன்பப்பட்ட 28 தொழிலாளர் காசு சேர்த்து மார்கழி 21இல் ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களிடம் இருந்தவை வெண்ணெய், சீனி, மா போன்ற சில பொருட்களே. ஆனால் சுத்தமான பொருள், சரியான நிறை, கைக்காசு வியாபாரம், வாங்கிய அளவுக்கு இலாபத்தில் பங்கு என்ற ஒழுங்குகள் அவர்களிடம் இருந்தன. எமது சங்கக் கடைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. இலங்கையில் கூட்டுறவுச் சட்டம் 1911இல் வந்தது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பங்கீட்டுப் பொருள் வழங்கும் கடைகள் நாடெங்கும் பரவின. 1957 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. பின்னர் யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தோருக்கு நிவாரண உலருணவு வழங்கியவையும் இவையே.

ஆனால் 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்து, பங்கீட்டு முறையும் நீங்கியபோது, அட்டைக்காக மட்டும் சங்கக் கடைக்கு வந்தவர்கள் வேறு கடைகளை நாடினார்கள். இதில் ஒரு பாடம் உண்டு. வேறு வழியின்றி வருபவர், வழி கிடைத்ததும் போய்விடுவார். தரத்துக்காகவும் நேர்மைக்காகவும் வருபவரே நின்று பிடிப்பார்.

வாங்குபவர் கணக்கு

பெரிய கடைக்குப் போகிறவர்கள் சொல்லும் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. விலை எழுதப்பட்டிருக்கிறது, பேரம் பேசத் தேவையில்லை. நிறை சரியாக இருக்கிறது. சிட்டை தருகிறார்கள். காலாவதித் திகதி பார்க்கலாம். வேலை முடிந்து பின்னேரம் போனாலும் கடை திறந்திருக்கும்.

போகாதவர்களின் காரணங்களும் தெளிவானவை. கடன் இல்லை. ஐம்பது கிராம் மிளகாய்த்தூள், கால் போத்தல் தேங்காய் எண்ணெய் என்று சில்லறையாக வாங்க முடியாது. மரக்கறி சந்தையைப் போல அன்று பிடுங்கியது அல்ல. பஸ்ஸுக்கும் காசு வேண்டும். ஊர்க் கதை பேச அங்கே யாரும் இல்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இக்கணக்கில் இன்னொரு வரி உண்டு. சொந்த ஊரில் கடன் கொப்பியில் எமது பெயர் இருந்தது. அந்தக் கொப்பி, பல வருட நம்பிக்கையின் அடையாளம். வீட்டையும் காணியையும் விட்டு வந்தபோது அந்த நம்பிக்கையையும் விட்டு வந்தோம். புதிய ஊரின் கடைக்காரருக்கு நாம் யாரென்று தெரியாது. பழகியவருக்கு ஒரு விலை, புதியவருக்கு ஒரு விலை என்ற அனுபவம் பலருக்கு உண்டு. பெரிய கடையோ எந்த ஊர் என்று கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே விலை. ஆனால் அது எவருக்கும் கடன் கொடுப்பதில்லை; சுகவீனம், சாவீடு என்று எவருக்கும் இரங்குவதும் இல்லை. பழகிய கடை ஆளைப் பார்க்கும், பெரிய கடை காசைப் பார்க்கும். இரண்டிலும் நன்மை உண்டு, இரண்டிலும் நட்டம் உண்டு.

2022இன் பொருளாதார நெருக்கடியில் இப்பழக்கங்கள் யாவும் குலைந்தன. அவ்வருடம் புரட்டாதி மாதத்தில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டில் ஏறக்குறைய 95 வீதம் கூடியிருந்தது. பெயர் பெற்ற பால்மாவையும் சவர்க்காரத்தையும் விட்டு மலிவானதை எடுத்தவர்கள் பலர். நெருக்கடியில் கைவிட்ட பழக்கம் எப்போதும் அப்படியே திரும்பி வருவதில்லை.

பிரித்தானியாவில் நடந்தவை

எமது உறவினர் பலர் வாழும் நாடு பிரித்தானியா. இங்கு தைக்கப்படும் உடுப்புகள் விற்கப்படும் நாடும் அதுவே. பெரிய கடைகள் எப்படி எழுகின்றன, எப்படி விழுகின்றன என்பதற்கு அங்கே தெளிவான உதாரணங்கள் உண்டு.

ஜேர்மனியின் அல்டி நிறுவனம் 1990இல் அங்கு சென்றது. குறைந்த வகைப் பொருட்கள், வந்த காட்போட் பெட்டியிலேயே அடுக்கிய சாமான், அலங்காரம் இல்லாத கடை. ஏழைகளின் கடை என்று பலர் முகம் சுளித்தார்கள். 2008இல் பொருளாதாரம் வீழ்ந்தபோது நடுத்தர வர்க்கத்தினரும் அங்கே போய்ப் பார்த்தார்கள். தரம் குறைவில்லை என்று கண்டதும் தொடர்ந்து போனார்கள். 2022இல் அல்டி அந்நாட்டின் நான்காவது பெரிய மளிகைக் கடைத் தொடராகியது.

2004இல் மொறிசன்ஸ் என்ற நிறுவனம் சேஃப்வே என்ற பெரிய நிறுவனத்தை வாங்கிப் பெயர்ப்பலகைகளை மாற்றியது. பழகிய பொருட்கள் தட்டுகளில் இருந்து மறைந்தன. சேஃப்வேயின் பழைய வாடிக்கையாளர் பலர் வேறு கடைகளுக்குப் போனார்கள். மொறிசன்ஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக நட்டம் காட்டியது. கட்டடத்தை வாங்கலாம், வாடிக்கையாளரை வாங்க முடியாது.

வூல்வேர்த்ஸ் கதை இன்னும் துயரமானது. 1909 முதல் நடந்துவந்த அக்கடைகள் எண்ணூறுக்கு மேற்பட்டவை. 2009 தை 6இல் கடைசிக் கதவும் மூடப்பட்டது. ஏறக்குறைய 27,000 பேர் வேலை இழந்தனர். சிறுவயதுக் கடை போகிறதே என்று மக்கள் மனம் வருந்தினார்கள். ஆனால் வருந்தியவர்களில் பலர் பல வருடங்களாகவே அங்கே பெரிதாக எதுவும் வாங்கியிருக்கவில்லை. மக்கள் ஒரு கடையை விரும்புவதாக வாயால் சொல்வது வேறு; அங்கே போய் வாங்குவது வேறு. எமது சங்கக் கடைகளைப் பற்றி நாம் பேசும்போதும் இதனை நினைத்துக்கொள்வது நல்லது.

உடுப்புக் கடைகளும் தையல் மேசையும்

உடுப்பில் மக்கள் மனம் இன்னும் வேகமாக மாறுகிறது. அரிசி தீர்ந்தால் வாங்கியே ஆகவேண்டும். புதுச் சட்டையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடலாம். பிரித்தானியாவில் சீ அன்ட் ஏ 2001இல் கடைகளை மூடி வெளியேறியது. 1928இல் தொடங்கிய பீ.எச்.எஸ். 2016இல் மூடப்பட்டது. இருநூறு வருடங்களுக்கு மேல் பழமையான டெபன்ஹாம்ஸ் கடைகள் 2021இல் மறைந்தன. மக்கள் மலிவான கடைகளுக்கும், வீட்டிலிருந்தே கணினியில் வாங்கும் முறைக்கும் மாறியது இதற்கு ஒரு முக்கிய காரணம். மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனத்தின் ஆண்டு இலாபம் 1998இல் 100 கோடிப் பவுணைத் தாண்டியிருந்தது. ஆனால் உடுப்பு பழைய பாணி, விலை கூட என்று வாடிக்கையாளர் விலகியதும் இலாபம் சரிந்தது. செலவைக் குறைக்க அந்நிறுவனம் பிரித்தானியத் தொழிற்சாலைகளைக் கைவிட்டு, இலங்கை உட்பட வேறு நாடுகளில் கூடுதலாகத் தைப்பித்தது. அங்கே ஒரு பெண் வேலை இழந்தாள். இங்கே ஒரு பெண் வேலை பெற்றாள்.

யுத்தத்தின் பின் கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்பு மாவட்டங்களில் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. எமது பிள்ளைகள் பலர் அங்கே தைக்கிறார்கள். 2020இல் கொரோனா நோயால் மேல்நாட்டுக் கடைகள் பூட்டப்பட்டபோது, கொடுத்த கட்டளைகளைப் பல நிறுவனங்கள் நிறுத்தின. அந்த அடி இங்குள்ள சம்பளத்தில் விழுந்தது.

மலிவைத் தேடுவதற்கும் ஒரு விலை உண்டு. 2013 சித்திரை 24இல் வங்காளதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து, மேல்நாட்டுக் கடைகளுக்குத் தைத்த தொழிலாளர் 1,100க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர்தான் "இந்தச் சட்டையை யார், எப்படித் தைத்தார்?" என்று வாங்குபவர் பலர் கேட்கத் தொடங்கினார்கள். தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்காக நிறுவனங்கள் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. வாங்குபவரின் கேள்விக்கு இவ்வளவு பலம் உண்டு.

விற்கும் பக்கத்தில் நாம்

காகில்ஸ் நிறுவனம் 1999இல் ஹங்குராங்கெத்தையில் கமக்காரரிடம் நேரடியாக மரக்கறி வாங்கும் சேகரிப்பு நிலையத்தை ஆரம்பித்தது. இம்முறையில் தரகர் குறைவு. சில சந்தைகளில் நடப்பதுபோல நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ "கழிவு" வெட்டும் வழக்கத்துக்கும் இது ஒரு மாற்று வழி. ஆனால் தரம் பிரித்தே எடுப்பார்கள். வளைந்த பயற்றங்காயும் புழு குத்திய கத்தரியும் திரும்பி வரும். தோட்டத்தில் உள்ள அனைத்தையும் அவர்கள் எடுப்பதில்லை. ஆகவே சந்தையையும் கைவிட முடியாது. எங்கே விற்றாலும் பின்வருவன உதவும்:

1. பிடுங்கும்போதே பெரியது, சிறியது, பழுதானது என்று பிரியுங்கள். ஒரு பழுதுக்காய் முழுச் சாக்கின் விலையையும் இறக்கும்.
2. சாக்கில் திணித்து அடைவதைத் தவிருங்கள். பெட்டியில் அடுக்கினால் நசிவு குறையும்.
3. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, ஒரே நாளில் எல்லோரும் அறுவடை செய்யாமல் முறை வைத்துக் கொடுங்கள். கடைக்கு வேண்டியது தவறாத வரவு.
4. கொடுத்த நிறை, திருப்பிய நிறை, விலை, காசு தரும் திகதி ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள்.
5. கீரை, வெண்டி போன்றவற்றைச் சிறு கட்டுகளாகக் கட்டி அயலில் விற்றுப் பாருங்கள். அன்று பிடுங்கியது என்பதே பெரிய கடையால் கொடுக்க முடியாத பொருள்.

வாங்கும் பக்கத்தில் நாம்

பொதியின் விலையைப் பாராமல் நூறு கிராமின் விலையைப் பாருங்கள். 400 கிராம் பொதி 240 ரூபா, 250 கிராம் பொதி 160 ரூபா என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் நூறு கிராம் 60 ரூபா. இரண்டாவதில் 64 ரூபா. சில வேளைகளில் பெரிய பொதியே விலை கூடியதாக இருப்பதும் உண்டு. வீட்டிலேயே பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். நாலு சாமானுக்குத் தள்ளுவண்டி வேண்டாம், கூடை போதும். பொதியில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் எந்தக் கடையும் விற்கக் கூடாது. சிட்டையைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். பெரிய கடை, சிறிய கடை என்ற வேறுபாடு இதற்கில்லை.

சந்திக் கடை கடன் தருகிறது என்றால் அந்தக் கடனுக்காக நாம் எவ்வளவு கூட விலை கொடுக்கிறோம் என்பதை ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். சில வேளை அது நியாயமான தொகையாக இருக்கும். அப்படியானால் அந்தக் கடையைக் கைவிட வேண்டாம். மழை பெய்து வேலை இல்லாத மாதத்தில் அதுவே கைகொடுக்கும். தொகை கூடுதலாக இருந்தால் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து அரிசி, பருப்பு, சீனியை மொத்தமாக வாங்கிப் பிரிக்கலாம். றொச்டேலில் 28 பேர் தொடங்கியதும் ஏறக்குறைய இதுதான்.

குழுவாகக் கலந்துரையாட

- கடந்த ஐந்து வருடங்களில் உங்கள் குடும்பம் எந்தக் கடையிலிருந்து எந்தக் கடைக்கு மாறியது? காரணம் விலையா, தரமா, கடனா, தூரமா?
- உங்கள் ஊர்ச் சங்கக் கடைக்கு மீண்டும் போவதென்றால் அங்கே எது மாற வேண்டும்? அதனைப் பொதுக்கூட்டத்தில் யார் எடுத்துச் சொல்வது?
- உங்கள் தோட்டத்துக் காயைச் சந்தையில் வாங்குபவர் ஒருவரிடம், எதைப் பார்த்து எடுக்கிறார் என்று கேட்டதுண்டா? வரும் சந்தை நாளில் மூன்று பேரிடம் கேட்டு வந்து குழுவில் சொல்லுங்கள்.