சென்னை டு லண்டன்: மிச்சமாகிற 8 மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

லண்டன் டிக்கெட் தேடினா முதல்ல கண்ணுல படுறது ரெண்டு விலை. நான்ஸ்டாப்புக்கு ஒண்ணு, துபாய் மாதிரி ஊர் வழியா போனா இன்னொண்ணு. பெரும்பாலும் ரெண்டாவதுதான் கம்மி. "சுத்திப் போறதுக்கா காசு கம்மி?"ன்னு தோணும். உண்மையில அவ்வளவு சுத்து இல்லை.

சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு வான்வழி தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். சென்னை - துபாய் சுமார் 2,900, துபாய் - லண்டன் சுமார் 5,500. கூட்டினா 8,400. வெறும் 200 கிலோமீட்டர்தான் கூடுதல்! துபாய் கிட்டத்தட்ட போற வழியிலேயே இருக்கு. இதே சிங்கப்பூர் வழின்னா கதை வேற. எதிர்த் திசையில போய்த் திரும்பி வரணும், மொத்தம் 13,800 ஆயிடும்.

ஆக, நேரத்தைத் தின்னுறது தூரம் இல்லை, காத்திருப்புதான். நான்ஸ்டாப்ல சுமார் 11 மணி நேரம். துபாய்ல 3 மணி நேரம் உட்கார்ந்தா மொத்தம் 15 கிட்ட வரும். (டிக்கெட்ல காலை 6-க்குக் கிளம்பி பகல் 12-க்கு இறங்குதுன்னு பாத்துட்டு 6 மணி நேரம்னு நினைச்சுடாதீங்க. லண்டன் கடிகாரம் நம்மளை விட கோடையில 4½, குளிர்காலத்துல 5½ மணி நேரம் பின்னாடி.) திரும்பி வரும்போது மேலைக்காற்று பின்னாடி இருந்து தள்ளும், கொஞ்சம் சீக்கிரம் வந்துடுவீங்க.

இப்போ கணக்கு. மாசம் 60,000 சம்பளம், 200 மணி நேர வேலைன்னு வைங்க. உங்க ஒரு மணி நேரம் 300 ரூபாய். போக வர டிக்கெட்ல வித்தியாசம் 16,000, மிச்சமாகிறது 8 மணி நேரம்னா, மணிக்கு 2,000 ரூபாய் கொடுத்து நேரம் வாங்குறீங்க. சொந்தக் காசுன்னா நான் வாங்க மாட்டேன். வித்தியாசம் 3,000-க்குள்ள இருந்தா யோசிக்காம நான்ஸ்டாப் போடுங்க. அப்பா அம்மா முதல் தடவை தனியா வர்றாங்கன்னா இந்தக் கணக்கையே மூடி வெச்சிடுங்க. நடுராத்திரி வேற ஊர் ஏர்போர்ட்ல கேட் தேடி அலைய வேண்டாம்.

ஒரு இடத்துல மட்டும் ரொம்ப உஷாரா இருக்கணும். இன்னும் 4,000 குறையுதேன்னு சென்னை - துபாய் ஒரு டிக்கெட், துபாய் - லண்டன் தனி டிக்கெட்னு போடுறது. முதல் விமானம் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்கு உங்களைப் பத்திக் கவலை இல்லை. பெரும்பாலும் அந்தக் காசு போச்சு, அங்கேயே புது டிக்கெட் வாங்கணும், அன்னைய விலைக்கு. பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் பண்ணணும்னா அந்த ஊர் விசாவும் தேவைப்படலாம். ரெண்டு பயணமும் ஒரே பிஎன்ஆர்ல இருந்தா, அடுத்த விமானத்துல ஏத்தி விடுறது அவங்க பொறுப்பு. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த நம்பர் ஒண்ணா, ரெண்டான்னு பாத்துடுங்க.