சதுரங்கத் தர எண்ணும் ஆட்ட வளர்ச்சியும்

பள்ளி விட்டதும் கைப்பேசியில் சதுரங்கம் ஆடும் மாணவர் இன்று ஜொகூரில் அரியர் அல்லர். உலகின் மறுகோடியில் இருக்கும் முகமறியா ஒருவரோடு ஆடுகின்றனர். ஆட்டம் முடிந்ததும் பெயரருகே உள்ள தர எண் ஏறுகிறது அல்லது இறங்குகிறது. பெற்றோர் அதனைத் தேர்வுப் புள்ளி போலக் கொள்கின்றனர். மாணவரும் அவ்வாறே கருதிச் சோர்கின்றனர். அவ்வெண் எதனை அளக்கிறது என ஈண்டு ஆராய்வோம்.

இம்முறையை வகுத்தவர் அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராய் இருந்த அர்பாத் எலோ. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் அதனை ஏற்றது. வெற்றிக்கு ஒரு புள்ளி, சமனுக்கு அரைப் புள்ளி. தர எண் 200 மிகுந்தவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளி பெறுவார். 400 மிகுந்தவர் 91 பெறுவார். எதிர்பார்த்ததினும் மிகுதியாகப் பெற்றால் எண் ஏறும், குறைந்தால் இறங்கும். ஆகவே இஃது அளவுகோல் அன்று, தராசு. உடன் ஆடுவோர் அனைவரும் ஒருங்கே வளர்ந்தால், நம் மாணவர் எவ்வளவு வளர்ந்திருந்தும் முள் அசையாது.

இணையத் தளங்கள் இம்முறையின் வழிவந்த வேறு கணக்குகளைக் கையாள்கின்றன. லிசெஸ் தளத்தில் புதியவர் 1500-இல் தொடங்குவார். அது வெறும் ஊகம். முதல் சில நாளில் 1100-க்கு இறங்கினால் அது வீழ்ச்சியன்று, ஊகம் திருத்தம் பெற்றது என்க. ஒரு தளத்து எண்ணை மற்றொரு தளத்து எண்ணோடு ஒப்பிடலும் பொருந்தாது.

ஆட்டப் பாங்கு வேறு பொருள். தொடக்கநிலை மாணவர் பலர் அரசியை முதலிலேயே வெளியேற்றி நான்கே நகர்த்தலில் எதிரரசனை மடக்க முயல்வர். தற்காப்பு அறியாதாரிடம் இது பலிக்கும். எண்ணும் விரைந்து ஏறும். பின் அறிந்தவரைச் சந்திக்குங்கால் அரசி துரத்தப்பட்டு, ஏனைய காய்கள் வீட்டிலேயே உறங்க, ஆட்டம் சரியும். எண் ஏறிய அந்நாட்களில் மாணவர் கற்றது மிகச் சிறிதே.

காய்களின் பெயரில் ஒரு மயக்கம் உண்டு. நம் ஆசிரியர் அறிதல் நன்று. தமிழகத்தில் பலர் யானை என்னும் மூலைக்காயை மலாய்க்காரர் 'தீர்' என்பர். அது நம் 'தேர்' என்னும் சொல்லே. அவர்கள் 'காஜா', அஃதாவது யானை, என்பது நம் மந்திரி. அவர்களது 'மெந்திரி' நம் அரசி! இக்கட்டுரையில் மூலைக்காயைத் தேர் என்றே வழங்குகிறேன்.

விரைவும் ஆழமும் ஒன்றல்ல என்பதற்குச் சென்னை தந்த இரு வல்லுநரே சான்று. விசுவநாதன் ஆனந்த் இளமையில் தால் சதுரங்கக் கழகத்தில் பழகினார். அங்கு மின்னல் ஆட்டத்தில் தோற்றவர் எழ, வென்றவர் இருக்கையில் நிலைப்பார். அவ்விரைவு அவரை விட்டு நீங்கவில்லை. 2003-இலும் 2017-இலும் உலக விரைவாட்டப் பட்டம் வென்றார். குகேஷ் வேறு வகையினர். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தொடக்க ஆண்டுகளில் கணிப்பொறித் துணையை விலக்கி, மனத்திலேயே கணிக்கப் பழக்கினார். உலக வாகையர் ஆனபோதும் மின்னல் ஆட்டத்தில் குகேஷ் முதல் வரிசையினர் அல்லர். மூன்று நிமிட ஆட்டத்து எண் கொண்டு ஒரு மாணவரின் சிந்தனையை எடைபோடுவோர் இதனை எண்ணுக.

வளர்ச்சியைக் காண, தோற்ற ஆட்டங்களைத் தேதியிட்டு வைத்து, ஒவ்வொன்றும் எந்த நகர்த்தலில் கெட்டது என்று குறிக்கச் செய்யலாம். காவலற்ற காயை இழந்ததா, நேரம் தீர்ந்ததா, காய் மாற்றத்தின் விளைவை நோக்காததா? சென்ற திங்களில் மிகுந்திருந்த பிழை இத்திங்களில் அருகினால் அதுவே வளர்ச்சி; எண் நின்ற இடத்திலேயே நிற்கலாம்.

இவற்றுள் மூன்றாவது பிழை பெரியோரையும் விடுவதில்லை. கடற்பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் செந்தோசாவில் 2024 டிசம்பர் 12-ஆம் நாள் குகேஷும் டிங் லிரெனும் ஆளுக்கு 6.5 புள்ளியுடன் இறுதி ஆட்டத்தில் அமர்ந்தனர். சமனை நோக்கிச் சென்ற ஆட்டத்தில், 55-ஆம் நகர்த்தலில் டிங் தம் தேரை மாற்றத்துக்கு வைத்தார். தேர்கள் மாறின, உடனே குகேஷ் மந்திரிகளையும் மாறச் செய்தார். எஞ்சியவை அரசரும் காலாட்களும். குகேஷிடம் ஒரு காலாள் மிகுதி. 58-ஆம் நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்பினார்.