பெயரும் நாயகனும்: ‘இரும்புக்கை மாயாவி’யை முன்வைத்துப் படக்கதை மொழிபெயர்ப்பு

தமிழ் மொழிபெயர்ப்பு வரலாறு பெரிதும் நாவல், நாடகம், கவிதை ஆகியவற்றைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. இரண்டு மூன்று தலைமுறையினரின் வாசிப்பைத் தொடங்கிவைத்த படக்கதைகளுக்கு அதில் உரிய இடமில்லை. அவற்றின் சொல்லாக்கம் ஆய்விற்கு உரியது என்பதற்கு ஒரு பெயரே சான்றாகும்.

சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இதன் மூலம், 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய ‘தி ஸ்டீல் கிளா’ தொடர். முதலில் எழுதியவர் கென் புல்மர். வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. எஃகுக் கை பொருத்தப்பட்ட ஆய்வக உதவியாளன் லூயி கிராண்டேல், மின்சாரம் பாய்ந்ததும் கை மட்டும் தெரிய உருமறைகிறான்.

மூலத்தலைப்பு கையை மட்டுமே சுட்டுகிறது, மறைதலைச் சுட்டவில்லை. தமிழ்த்தலைப்பு ‘எஃகு’ என்பதை ‘இரும்பு’ ஆக்கி, கூருகிரைக் குறிக்கும் சொல்லை வெறும் ‘கை’ ஆக்கியது. துல்லியம் குறைந்தாலும் நாவிற்கு இசைந்தது. மூலத்தில் இல்லாத ‘மாயாவி’யே இங்கு முதன்மையானது. இராமாயணத்தில் வாலியைக் குகைக்குள் ஈர்த்த அசுரனின் பெயர் அது. ‘மாயம்’ என்னும் சொல் மறைவையும் வஞ்சனையையும் ஒருங்கே உணர்த்தும். குற்றவாளியாகத் தொடங்கிப் பின்னர் சட்டத்தின் பக்கம் நிற்கும் கிராண்டேலுக்கு இவ்விருபொருளும் பொருந்துகின்றன. மூலப்பெயரைவிடத் தமிழ்ப்பெயர் கதையை நெருங்கி நிற்கிறது எனலாம்.

பிரான்சில் நிகழ்ந்தது இதனோடு ஒப்பிடத்தக்கது. லியோன் நகரின் லுக் பதிப்பகம் அமெரிக்க மார்வெல் கதைகளை 1969இல் ‘ஃபான்டாஸ்க்’ இதழில் வெளியிட்டது. இளையோர் வெளியீடுகள் குறித்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்காணிப்பால் அவ்விதழ் 7 இதழ்களோடு நின்றது. 1970இல் தொடங்கிய ‘ஸ்ட்ரேன்ஜ்’ நிலைத்தது. அங்கே ஸ்பைடர்மேன் ‘லரெஞே’, அதாவது சிலந்தி, ஆனார். வுல்வரின் ‘செர்வால்’ என்னும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் பெயரைப் பெற்றார். வுல்வரின் விலங்கிற்குரிய பிரெஞ்சுச் சொல் ‘குளூத்தோன்’. அதற்குப் பெருந்தீனிக்காரன் என்றும் பொருளுண்டு. அது தவிர்க்கப்பட்ட காரணம் ஊகிக்கத்தக்கது.

தமிழில் 1984இல் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ், மற்றொரு ஆங்கிலேய நாயகனை ‘ஸ்பைடர்’ என்றே விட்டது. (இவன் மார்வெலின் ஸ்பைடர்மேன் அல்லன்.) தமிழில் ‘சிலந்தி’ பூச்சியை மட்டுமன்றிப் புண்கட்டியையும் குறிக்கும், குற்றச் சக்கரவர்த்திக்கு அப்பெயர் ஒட்டியிராது.

பின்னாளில் ராணி காமிக்ஸ், அமெரிக்கப் படைப்பான ஃபேண்டத்தை ‘முகமூடி வீரர் மாயாவி’ என வழங்கியது. மறையும் ஆற்றல் ஏதுமற்ற ஒருவனுக்கும் இப்பெயர் சென்றமை, சிறப்புப்பெயர் இனப்பெயராக மாறியதைக் காட்டுகிறது. இம்மாற்றத்தின் காலத்தை வரையறுக்க முதற்பதிப்புகள் இன்றியமையாதவை. காமிக்ஸ் கிளாசிக்ஸ் முதலிய வரிசைகளில் மாயாவி கதைகள் மீண்டும் மீண்டும் அச்சாகியுள்ளன. மறுபதிப்பின் சொல்லை 1970களின் சொல்லாகக் கொள்ளும் ஆய்வு, தொடக்கத்திலேயே காலப்பிழைக்கு இடமளிக்கும்.