மீனின் மூக்கும் மனிதனின் தோலும்

ஒன்ராறியோ மாகாணத்தின் சிம்கோ ஏரிக்கரையில், கோடைக்காலத்துச் சனிக்கிழமைகளில், பொழுது புலருமுன்னரே தூண்டிலுடன் அமர்ந்துவிடும் மனிதர் ஒருவரை நான் அறிவேன். தொழிற்சாலையொன்றில் இரவு வேளையில் என்னோடு பணியாற்றுபவர். ஸ்கொட்லாந்து வழிவந்த கனடியர். அறுபது வயதைக் கடந்தவர். அவரது இடது காதின் மேல்விளிம்பில் ஒரு சிறு துண்டு இல்லை. தோற்புற்றுநோய் கண்டிருப்பதாகக் கூறி மருத்துவர்கள் அதனை வெட்டி அகற்றிவிட்டனர். அன்று தொடக்கம் அவருடைய மனைவி வெயில்காப்புக் களிம்புக் குழாய் ஒன்றை மறவாமல் அவரது பையினுள் வைத்து அனுப்புகிறார். அவரோ அதனை வாகனத்திலேயே விட்டுவிட்டுக் கரைக்கு இறங்குகிறார்.

காரணம் கேட்டேன். "இந்த வாசனை கையிற் பட்டால் மீன் கிட்டவும் வராது" என்றார். அப்போது அவருடைய விரல்களுக்கிடையில் சிகரெட் ஒன்று புகைந்துகொண்டிருந்தது.

சிரித்துவிட்டுப் போகத்தக்க பேச்சன்று இது. தம் உடலைக் காக்கும் ஒன்றை ஒருவர் ஒரு நம்பிக்கையின் பொருட்டுக் கைவிடுகிறார் எனின், அந்நம்பிக்கையில் எவ்வளவு உண்மை உண்டு என ஆராய்வதே முறை. விரிவுரை மண்டபத்தை நீங்கி ஆண்டுகள் பல சென்றுவிட்ட போதிலும், நூலகப் படியேறும் பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை.

மீனுக்கு மூக்கு உண்டா? உண்டு. ஆனால் அது மூச்சு விடுவதற்குரியதன்று. மூச்சுக்குச் செவுள்கள் இருக்கின்றன. மீனின் நாசித்துளையினுள் மடிப்பு மடிப்பாக அமைந்த மென்படலம், நீரிற் கரைந்து வரும் பொருள்களை இனங்காண்பதற்கென்றே உள்ளது. இதன் ஆற்றலை அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆதர் ஹஸ்லர், வொரன் விஸ்பி ஆகிய இருவரும் ஐயமற நிறுவினர். வாஷிங்டன் மாநிலத்தின் இசாக்குவா ஓடையில் சல்மன் மீன்களைப் பிடித்து, ஒரு பகுதி மீன்களின் நாசித்துளைகளை அடைத்து, ஓடை இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே மீண்டும் விட்டனர். நாசி திறந்திருந்தவை பெரும்பாலும் தாம் முன்னர் சென்ற கிளையையே சரியாகத் தேர்ந்தன, அடைபட்டவை தடுமாறின. இம்முடிவு 1954ஆம் ஆண்டு வெளியாயிற்று. பிறந்த நீரின் மணத்தைக் கடலிற் கழித்த ஆண்டுகளிலும் மறவாத இம்மீனின் கதை, ஊரை விட்டு வந்த நம்மவர்க்கு விளக்கம் வேண்டாதது.

அதே 1954ஆம் ஆண்டில், நண்பரின் ஐயத்தோடு நேரடியாகத் தொடர்புடைய மற்றோர் ஆய்வும் வெளிவந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், மீன்கள் மேலேறிச் செல்வதற்கென அமைக்கப்பட்ட படிவாய்க்காலில், பிரெற், மக்கினொன் என்ற ஆய்வாளர்கள் பல்வேறு பொருள்கள் கலந்த நீரை ஊற்றிப் பார்த்தனர். மனிதக் கையைக் கழுவிய நீரும் கரடியின் பாதத்தைக் கழுவிய நீரும் ஊற்றப்பட்டபோது, சல்மன்கள் மிரண்டு, மேலேறுவதைச் சிறிது நேரம் நிறுத்தின. அந்நீரில் மீனை அச்சுறுத்திய பொருள் யாது என்பதை இட்லர் குழுவினர் 1956இல் கண்டறிந்தனர். அது 'செரீன்' எனப்படும் அமினோ அமிலம். பாலூட்டிகளின் தோலில் இயல்பாகவே உள்ள பொருள்.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்கவேண்டும். மீனை மிரட்டியது கடையில் வாங்கிய களிம்பன்று. ஒன்றும் பூசாத வெறுங்கை! ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கும் கரடியையும் கரையில் நிற்கும் மனிதனையும் சல்மனின் மூக்கு ஒரே வரிசையில் வைத்தது. களிம்பைத் தவிர்ப்பதால் கை மணமற்றதாகிவிடும் என்ற எண்ணம் இவ்விடத்தில் தகர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. களிம்பின் நறுமணம் காற்றின் வழியாக நமது மூக்கை எட்டுவது. மீனுக்கு எட்டவேண்டுமாயின் அது நீரிற் கரையவேண்டும். களிம்புகளிற் பெரும்பாலானவை எண்ணெய்த் தன்மை கொண்டவை. நீரில் எளிதிற் கழுவுப்படாதிருக்கவே தயாரிக்கப்படுபவை. ஆகவே நமக்கு ஓங்கி மணப்பது மீனுக்கும் அவ்வாறே மணக்கும் எனக் கொள்ள இயலாது.

இதனால் நண்பரின் கவலை முற்றிலும் வீணென்று கூறிவிடவும் கூடாது. பாஸ், பைக் போன்றவை கண்ணாலும், உடலின் இருமருங்கும் அதிர்வை உணரும் கோட்டாலும் இரை தேடுபவை. விரைந்தோடும் போலி இரையை அவை முகர்ந்து ஆராய்வதில்லை. கெளிறு இனமோ வேறு. அதன் மீசையில் மட்டுமன்றி உடலெங்கும் சுவையரும்புகள் உண்டு. அசையாது கிடக்கும் மண்புழுவில் களிம்பு ஒட்டியிருப்பின், வாயில் வைத்துவிட்டு உமிழ்ந்துவிடவும் கூடும். களிம்பிலும் கூடுதலாக அஞ்சவேண்டியது 'டீற்' கலந்த நுளம்பு விரட்டி. அது சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும் தன்மையுடையது. போலி இரைக்குக் கேடு.

ஆகவே வழி எளிது. வீட்டை விட்டுப் புறப்படுமுன்னரே களிம்பைப் பூசிக்கொள்ளலாம். பின்னர் உள்ளங்கைகளையும் விரல்களையும் மணமற்ற சவர்க்காரத்தால் கழுவிவிட வேண்டும்; வெயில் எரிப்பது புறங்கையையே அன்றி உள்ளங்கையை அன்று. இரண்டு மணிநேரத்திற்கொருமுறை மீளப் பூசும்போதும் அவ்வாறே கழுவிவிட்டு இரையைத் தொடலாம். அகன்ற விளிம்புத் தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் மணப்பதேயில்லை. நீர்ப்பரப்பு வெயிலைத் திருப்பியும் வீசும் என்பதால், நாடியின் கீழ்ப்புறத்தையும் காதுகளையும் மறத்தலாகாது. எமது கருந்தோலில் உள்ள மெலனின் ஓரளவே காவல் செய்யும். நாமும் இதற்கு விலக்கல்லர்.

அடுத்த சனிக்கிழமை இவற்றையெல்லாம் நண்பருக்கு எடுத்துரைத்தேன். மறுத்துப் பேசவில்லை, இணங்கவுமில்லை. ஏரியைப் பார்த்தபடி இருந்தார். நான் வாகனத்துக்குச் சென்று குழாயை எடுத்து வந்தேன். "நான் தூண்டிலைத் தொடப்போவதில்லை. என் கை மணத்தால் உங்கள் மீனுக்கு என்ன?" என்று கூறி, அவரது கழுத்திலும் குறைபட்ட காதிலும் நானே பூசிவிட்டேன். சிறுபிள்ளைபோல அசையாதிருந்தார்.

நண்பகலுக்குள் இரண்டு பாஸ் மீன்கள் கிடைத்தன. ஒருநாட் காலையின் இரண்டு மீன்கள் எதனையும் நிறுவிவிடா என மாணவர்க்குக் கற்பித்தவன் நான். அதனை அவருக்கும் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. ஆயினும் அதற்கடுத்த வாரம் குழாய் வாகனத்தில் இருக்கவில்லை. கரையிலே, மண்புழுப் பேணிக்குப் பக்கத்தில், ஒரு சவர்க்காரக் கட்டியோடு இருந்தது.